அப்பாவுக்கு வயசு மட்டும் ஆகவில்லை

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, இன்ஸ்பெக்ஷன் என்று பேங்கில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம். அது சாக்கு. உண்மைக் காரணம் அப்பா. இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன், அதில் பாதி என் மேலேயே.

அப்பாவுக்கு எழுபத்தாறு. இரண்டு வருஷமாக ஹார்ட் ஃபெயிலியர். (தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதினால் ஏதோ இதயமே நின்றுவிட்ட மாதிரி பயமாக இருக்கிறது. நிற்கவில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.) கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவரையும் அம்மாவையும் இங்கே விமான் நகருக்கு அழைத்து வந்தேன். வந்த எட்டு மாதத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல். ஒவ்வொரு டிஸ்சார்ஜ் ஷீட்டிலும் அதே வார்த்தை: நான்-கம்ப்ளையன்ஸ். எங்கள் ஆடிட்டர் எழுதுகிற அதே வார்த்தை! மருந்தைச் சரியாகச் சாப்பிடவில்லையாம், குற்றம் பேஷண்டுடையதாம்.

"வேணும்னே பண்றார்டா" என்றாள் அம்மா. நான் அதற்கும் மேலே போய், "நீங்க என்ன சின்னக் குழந்தையாப்பா?" என்று கத்தினேன். அவர் மாத்திரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலே இல்லை. ஒரு நாள் தத்த மந்திர் சவுக் வரைக்கும் போனவரை வாட்ச்மேன் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். புது ஊர், எல்லா அபார்ட்மெண்டும் ஒரே மாதிரி, பாஷை வேறு தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொந்தக்காரர்களும் போனில் ஒரே குரலில், "வயசாயிடுச்சுப்பா, அப்படித்தான்."

அப்படித்தான் இல்லை!

நான் டாக்டர் இல்லை, பி.காம். ஆனால் கணக்குத் தெரியும். நல்ல இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. உடம்பு எடையில் வெறும் 2 சதவீதம் இருக்கிற மூளை அதில் 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. வரவு குறைந்தால் பெரிய செலவாளிக்குத்தானே முதலில் இடிக்கும்? இதோடு இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் மூளைக்குப் போகலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிட்டுச் சோடியம் இறங்கினாலும் ஆள் குழம்புவார். 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கு ஞாபகத்திலோ யோசிப்பதிலோ ஏதோ ஒரு குறை இருந்தது. எல்லோருக்கும் டிமென்ஷியா வரும் என்று அர்த்தமில்லை. இரண்டு பேரில் ஒருவரிடமாவது கேட்க வேண்டிய கேள்வி இது. எங்களிடம் யாராவது கேட்டார்களா? எக்கோ எடுத்தார்கள், பில் கொடுத்தார்கள். இதய டாக்டர் நெஞ்சோடு நிற்கிறார், நரம்பு டாக்டர் தலையிலிருந்து ஆரம்பிக்கிறார். நடுவில் கழுத்து என்று ஒன்று இருப்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது போல.

நானாகப் பிடிவாதம் பிடித்துக் கேட்ட பிறகு ஒரு ஜூனியர் வந்தார். இந்தியில் கேள்வி! இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு கழித்தால் எவ்வளவு, எல்லாம் இந்தியில். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "லாங்குவேஜ் ப்ராப்ளம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வெளிமாநிலத்தில் பெற்றோரை வைத்திருக்கிற நம் ஆட்கள் இதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மோகா என்று சொல்லப்படுகிற மாண்ட்ரியல் டெஸ்ட், 30 மார்க், தமிழிலும் இருக்கிறது. தமிழில்தான் வேண்டும் என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். பேங்கில் மேக்கர்-செக்கர் என்று ஒன்று உண்டு. ஒருத்தர் என்ட்ரி போட்டால் இன்னொருத்தர் பார்த்துப் பாஸ் பண்ண வேண்டும். கிளார்க் திருடன் என்பதால் அல்ல, மனுஷன் என்றால் தப்பு வரும் என்பதால். ஆயிரக்கணக்கில் போகிற பணத்துக்கு இத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கிற நான், ஏழு மாத்திரை, உப்புக் கணக்கு, தண்ணீர் கணக்கு, தினமும் காலையில் எடை என்று அத்தனையையும் ஞாபகம் குறைகிற ஒரு மனுஷர் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். அது தப்பினால் அவர் மேல் பழி. இதைவிட அநியாயம் உண்டா?

இந்த நோயில் மருந்து தப்புவது சாதாரண விஷயமும் இல்லை. திருவனந்தபுரத்தில் 2013-ல் 18 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1205 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி வயது 61-தான். ஐந்து வருஷத்தில் பாதிக்கும் மேல் இறந்துபோனார்கள். விதிமுறைப்படியான முழு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாலில் ஒருத்தர்தான். மருந்து எழுதுவதிலேயே இவ்வளவு ஓட்டை. எழுதிய மருந்தும் வாய்க்குள் போகவில்லை என்றால்?

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதைப் படிக்கிறவர்கள் "நாங்க தினமும் போன்ல கேட்கறோமே, மாத்திரை போட்டாச்சான்னு" என்பீர்கள். நானும் கேட்டவன்தான். "போட்டாச்சு" என்பார் அப்பா. பொய் இல்லை, போட்டதாகத்தான் அவர் ஞாபகம். கேட்காதீர்கள், காலி ஸ்ட்ரிப்பைக் காட்டச் சொல்லுங்கள். எடை மெஷினை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். திடீரென்று குழப்பம் என்றாலும் அப்படியே, சோடியம், இன்ஃபெக்ஷன் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய. மறதிக்குப் பயந்து நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மா மேக்கர், நான் செக்கர். டப்பாவில் ஏழு நாள், ஒரு நாளைக்கு மூன்று அறை, இரவு நான் பார்த்து டைரியில் இனிஷியல் போடுகிறேன். மருமகள் சமையலில் அப்பளமும் ஊறுகாயும் போய்விட்டதில் அப்பாவுக்கு மகா வருத்தம். கால் வீக்கம் இந்த ஆறு வாரமாக இல்லை. மறதி போய்விட்டதா என்றால், இல்லை. நேற்றும் என்னை என் தம்பி பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் கத்தவில்லை.

வியாழக்கிழமை செக்கப். மோகா தமிழ்ப் படிவத்தைக் கையோடு எடுத்துப் போகிறேன். என்ன சொல்கிறார்கள் என்று வந்து எழுதுகிறேன்.