டாலர் ஒதுக்கீடு

நமக்கு இடஒதுக்கீடு என்றால் 'தகுதி போச்சு' என்று கூப்பாடு போடுகிறவர்கள், தனியார் மருத்துவக் கல்லூரிகளின் வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு பற்றி மூச்சே விடுவதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டணம். பஞ்சாப் அரசு 2024ல் வெளிநாட்டில் மாமா, சித்தி இருந்தாலே போதுமென்றது; உச்சநீதிமன்றம் அதை மோசடி என்றது. மாமாவும் ஒரு தகுதியாம்!

தாமிரபரணிக் கரைச் சேரியிலிருந்து துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனவனும் வெளிநாடுவாழ் இந்தியன்தானய்யா. அவன் அனுப்புற பணத்தை வங்கிக் கவுண்டரில் எண்ணுகிறவன் நான். வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே பத்தாது. என்.ஐ.டி.க்களில் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவத்துக்கு ஏன் இல்லை?

2005ல் இனாம்தார் வழக்கில் 15 சதத்தை அனுமதித்த உச்சநீதிமன்றம், அந்தப் பணம் ஏழை மாணவருக்குப் பயன்படணும் என்றும் சொன்னது. மாணவத் தோழர்களே, கல்லூரி கல்லூரியாகப் போய் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.