ஐதாக்கினால் அற்றுப்போகுமா?

உயிரியல் ஆய்வுகூடத்துக் கழிவைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது அதிகப்பிரசங்கித்தனமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆய்வுகூடம் விஞ்ஞானிகளுக்கு உரியதாகவே இருக்கட்டும். அதன் பின்சுவருக்கு அப்பாலுள்ள கிணறு ஊருக்கு உரியது. அவ்வுரிமையில் நின்றே எழுதுகின்றேன்.

நான் சாதாரண தரம் பயின்றது கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில். தவளையும் மீனும் கிடந்த போத்தல்களை ஆண்டிறுதியில் துப்புரவு செய்வது எம் வகுப்பின் பொறுப்பு. போமலினைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவோம். கண்ணும் மூக்கும் எரியும். “ஐதானதுதானே, தண்ணீரோடு போய்விடும்” என்பதே எமக்குக் கிடைத்த விளக்கம். எங்கே போய்விடும் என்று நாம் கேட்கவில்லை. சுவரின் பின்னால் ஒரு குழி. குழிக்கு அப்பால் நாம் நீர் அருந்திய கிணறு.

இழையங்களைப் பதப்படுத்தப் போமலின் உதவும் என்பதை ஜெர்மானியரான பெர்டினண்ட் புளும் 1893 இல் கண்டறிந்தார். அன்றுதொட்டு அது உயிரியலின் ஊழியனாயிற்று. அதிலுள்ள போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. ஆய்வுகூடங்களில் ‘10 சதவீதப் போமலின்’ என வழங்கும் ஐதான கரைசலின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 40 கிராம் போமல்டிகைட்டு உண்டு. ஒன்பது லீற்றர் நீர் சேர்த்தாலும் அந்த 40 கிராம் 40 கிராமே. செறிவு குறைந்தது, பொருள் குறையவில்லை.

மண்ணிலும் நீரிலுமுள்ள பக்டீரியாக்கள் அதனைச் சிதைத்துவிடும் என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லவல்லதும் அதுவே. மலக்குழியில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், கழிவைச் செரிக்க வேண்டிய உயிர்களே மடியும். ‘மிகுந்த நீருடன் ஊற்றுக’ என்ற விதி, நிலக்கீழ்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையமும் உள்ள நகரங்களுக்காக எழுதப்பட்டது. அந்நகரங்களிற் பலவும் இன்று அதனைத் தடுக்கின்றன. கிணற்றை நம்பி வாழும் வன்னியில், குழியில் முடியும் குழாய்க்கு அவ்விதியைப் பொருத்துவது விஞ்ஞானமன்று, மனப்பாடம்.

நிலத்தடி நீர் கெட்டபின் நேர்வதைச் சுன்னாகம் காட்டியது. மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் அந்நிறுவனத்தைப் பணித்தது. ஆய்வுகூடப் போத்தல்களின் அளவு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் இழப்பீடு வந்தபின்னும் கிணறு உடனே தூய்மையாகிவிடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பயன்படுத்திய போமலினையும் முதற் கழுவுநீரையும் இறுக மூடும் பிளாஸ்ரிக் கலனில் சேர்த்து, பெயரும் செறிவும் திகதியும் எழுதி ஒட்ட வேண்டும். அமிலத்துடனோ வெளிற்றும் தூளுடனோ அதனைக் கலத்தல் ஆகாது. முற்றத்தில் ஆவியாக விடுவதும் தீர்வன்று. அது குழிக்குப் பதிலாக நுரையீரலைத் தெரிவு செய்வதாகும். பதமான மாதிரிகளை 70 சதவீத அற்ககோலுக்கு மாற்றினால், ஆண்டுதோறும் போமலின் நிரப்பும் தேவையும் குறையும்.

சேர்த்த கலன்கள் எங்கே செல்வது? பட்டியலிட்ட அபாயக் கழிவுகளைச் சேர்க்கவும் ஏற்றிச் செல்லவும் அகற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென, 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. தனித்தவொரு பாடசாலையால் இது இயலாது. வவுனியாப் பல்கலைக்கழகமும், அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும், வலயக் கல்வி அலுவலகங்களோடு இணைந்து, ஆண்டுக்கொரு முறை அயற் பாடசாலைகளின் கலன்களைப் பெற்று அனுமதி பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். பணமில்லை என்பார்க்கு ஒரு கேள்வி: போமலின் வாங்கப் பணம் ஒதுக்கும்போது, அதனை அகற்றும் செலவையும் அதே வரியில் எழுதுவதற்கு என்ன தடை?

விரிவுரையாளர்களே, அடுத்த செய்முறை வகுப்பில் தவளையின் இதயத்தைக் காட்டுமுன், தொட்டியின் குழாய் எங்கே முடிகிறது என்பதை மாணவருக்குக் காட்டுங்கள். அதுவும் உயிரியலே.