மூச்சுக்குழாயைக் காண்டல்

நாட்பட்ட இருமலால் வருந்துவோர்க்கு எக்ஸ்ரே படம் ஒன்று போதுமா என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இதில் என்ன வழக்கு என்பார் உளராயின், மூச்சு விடுவார் அனைவர்க்கும் வழக்குண்டு என்பேன்.

கழுத்தினின்று இறங்கும் பெருங்குழாய், தலைகீழாய் நட்ட மரம்போல் ஏறத்தாழ 23 முறை கிளைத்துக் காற்றறைகளில் முடிகின்றது. எக்ஸ்ரேயிலோ, விலாவெலும்பும் இதயமும் குழாய்களும் ஒன்றன்மேலொன்று படிந்த நிழலாகவே தோன்றும். அதனால் 1922-ஆம் ஆண்டில் ஸிக்கார், பாரஸ்டியே என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், அயோடின் சேர்ந்த எண்ணெயைக் குழாய்களுள் வார்த்துப் படமெடுக்கும் முறையைக் கண்டனர். மூச்சு விடும் வழியிலே எண்ணெய் வார்ப்பதென்றால் நோயாளி பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! ஹவுன்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் அமைத்த ஸீ. டி. கருவி 1971-இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. பின்னர் அது மார்பிற்கும் வந்தது. எண்ணெய்க்கு வேலை இல்லாதாயிற்று.

இக்கருவி உடலை மெல்லிய தட்டுத் தட்டாக அரிந்து காட்டுவது போலக் காட்டும். உடன்செல்லும் இரத்தக்குழாயினும் மூச்சுக்குழாய் அகன்றிருப்பின், இரண்டும் சேர்ந்து கல்வைத்த மோதிரம்போல் தோன்றும். அது பிராங்கியெக்டேசிஸ் என்னும் நோயின் அடையாளம். ஆஸ்துமாவில் சுவர் தடித்திருப்பதையும், சளி அடைத்து நிற்பதையும் காணலாம். 2 மில்லிமீட்டரினும் சிறிய குழாய்கள் நேரே புலப்படா. எனினும் மூச்சை வெளிவிடச் செய்து எடுத்த படத்தில், காற்றுச் சிக்கிய இடங்கள் கருத்து நின்று அவற்றின் கேட்டைக் காட்டிக்கொடுக்கும். ஊதி அளக்கும் ஸ்பைரோமீட்டர் மூச்சு எவ்வளவு குறைந்தது என்று சொல்லுமேயன்றி, எவ்விடத்தே பழுது என்று சொல்லாது.

செலவு மிகுதி, எக்ஸ்ரேயினும் பன்மடங்கு கதிர் உடலிற் படும் என்று தடை கூறுவர். உண்மையே, இருமினார்க்கெல்லாம் இதனை எடுத்தல் பிழையாம். ஆயின் காசநோய் மருந்தை முற்ற உண்டு, சளியிற் கிருமி இல்லையென்று தெளிந்த பின்னும், இருமலும் இளைப்பும் நீங்காதவர் நம் நாட்டிற் பலர். ஆறிய புண்ணின் தழும்பு குழாயை இழுத்து அகலச் செய்துவிடுகின்றது. அத்தழும்பை எக்ஸ்ரே நிழலிற் கண்டு, மீண்டும் காசநோய் மருந்தையே பல திங்கள் கொடுப்பது எவ்வாற்றானும் தகாது. அவர்க்கு வேண்டுவன சளியை வெளிக்கொணரும் பயிற்சியும், இடையிடையே வரும் தொற்றுக்கு ஏற்ற மருந்துமேயாம். ஆதலின் இத்தகையோர்க்கேனும் மாவட்ட மருத்துவமனைகளில் ஒருமுறை, குறைந்த கதிரளவில், பொருள் பெறாது ஸீ. டி. படம் எடுத்தல் வேண்டும். படத்தோடு தரும் குறிப்பிலும், தழும்பு உண்டு என்று மட்டும் எழுதி ஒழியாமல், எக்குழாய் எவ்வளவு அகன்றுளது என்பதையும் எழுதுதல் வேண்டும்.