பாதியில் நிறுத்தப்படும் பாடல்கள்

வழிபாட்டின் இரண்டாம் ஆண்டில், தவக்கால நான்காம் ஞாயிறன்று, 137ஆம் திருப்பாடல் பதிலுரைப் பாடலாக அமைகிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோரின் கண்ணீர் அது. யாழ்கள் மரக்கிளைகளில் ஊமையாய்த் தொங்குகின்றன. சிறைப்படுத்தியவர்களோ வேடிக்கைக்குப் பாட்டுக் கேட்கிறார்கள். நாம் உருகிப் பாடுகிறோம். ஆறாம் வசனத்தோடு பாடல் நின்றுவிடுகிறது. எஞ்சிய மூன்று வசனங்களை வாசக நூல் நமக்குத் தருவதில்லை.

அவற்றில் இருப்பது சாபம். எருசலேம் இடிந்த நாளில் மகிழ்ந்த ஏதோமியரை நினைவில் கொள்ளுமாறு ஆண்டவரிடம் முறையிட்டுத் தொடங்கி, பாபிலோனின் பச்சிளங் குழந்தைகள்வரை அது செல்கிறது. படிக்கும் நம் உள்ளமும் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆற்றங்கரையில் அழுதவர்கள் யார்? தங்கள் குழந்தைகளை இழந்து வந்தவர்கள் அல்லவா? அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பிறந்த காயத்தை மூடிவிட்டால், மிஞ்சுவது கவிதையா, அலங்காரமா?

இது ஒரு பாடலோடு முடியும் செய்தி அன்று. குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை, திருச்சங்கத்திற்குப்பின் புதுப்பிக்கப்பட்டபோது, 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுமையாகவே விலக்கப்பட்டன. வேறு பலவற்றில் சில வசனங்கள் நீக்கப்பட்டன. 1971இல் வெளிவந்த அதன் பொதுப் போதனை, உளவியல் தடுமாற்றத்தைக் காரணமாகச் சொல்கிறது. அதே பத்தியில், நீதி கேட்டுக் கதறும் இத்தகைய குரல் புதிய ஏற்பாட்டிலும் உண்டு என ஒப்புக்கொண்டு, திருவெளிப்பாட்டின் மறைச்சாட்சிகளைச் சுட்டவும் செய்கிறது. மறைச்சாட்சிகளுக்கு அடுக்கும் சொல் நமக்கு மட்டும் அடுக்காதோ?

"கிறிஸ்தவர்கள் பகைவரை மன்னிக்கவேண்டியவர்கள், சபிக்கலாமா?" என்பார்கள். வேண்டியதுதான். ஆனால் சினத்தை மறைத்து வைத்திருப்பவன் எதை மன்னிப்பான்? திருப்பாடலின் கவிஞன் தன் கையில் வாள் எடுக்கவில்லை. பழியைக் கடவுளின் கையில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு நிற்கிறான்.

மேலும், திருப்பாடல் ஒரு கருத்துக் களஞ்சியம் அன்று, வேண்டிய வரியை வேண்டியபோது பிடுங்கிக்கொள்வதற்கு. அது கவிதை. ஓர் அடி சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லால் ஏந்தி, ஆழப்படுத்தி, சில வேளை மறுத்தும் நடப்பதே எபிரேயக் கவிதையின் அமைப்பு. இராபர்ட் லவுத் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1753இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதை விளக்கிக் காட்டினார். ஓசை நயம் மொழிபெயர்ப்பில் கரைந்துபோனாலும் இந்த நடை கரைவதில்லை. தமிழிலும் அது நம்மை வந்தடைகிறது. முறையீட்டிலிருந்து நம்பிக்கைக்கு ஏறும் படிகளும் அத்தகையவையே. கீழ்ப்படிகளை உடைத்துவிட்டு மேல்படியில் நின்று புகழ்ச்சி பாடச் சொல்கிறோம். எபிரேயர் இந்நூலுக்கு இட்ட பெயர் 'புகழ்ச்சிகள்'. ஆயினும் நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானவை புலம்பல்கள்! சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் புகழ்ப்பா ஒன்றைத் தேடவில்லை. 22ஆம் திருப்பாடலின் தொடக்கக் கதறலையே எடுத்துக்கொண்டார்.

(சில பங்குகளில் பதிலுரைப் பாடலே இல்லை, அதன் இடத்தில் ஏதோ ஒரு பக்திப் பாட்டு. அது விதிக்குப் புறம்பானது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறோம்.)

நம் மண்ணில் நடந்த ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்ப விழா. அந்நாளுக்குரிய பதிலுரைப் பாடல் 128ஆம் திருப்பாடல்: ஆண்டவருக்கு அஞ்சுவோரின் இல்லத்தில் மனைவி கனிதரும் கொடிபோலவும், பிள்ளைகள் ஒலிவக் கன்றுகள்போலவும் பந்தியைச் சூழ்ந்திருப்பர் எனும் அழகிய வாழ்த்து. அந்தக் காலையில்தான் கடல் எழுந்து வந்தது. வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளும் மீனவக் குடும்பங்களும் மடிந்தனர். பிள்ளைகளைப் புதைத்த தாய்க்கு மறுநாள் அந்த வாழ்த்தை யார் பாடிக் காட்டுவது?

அவளுக்கென ஒரு பாடல் திருவிவிலியத்தில் இருந்தது. 88ஆம் திருப்பாடல். கடவுள் தன்மேல் அலைகளைப் புரளவிட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டும் பாடல். ஆறுதலை எட்டாமல், இருளிலேயே முடியும் பாடல். ஞாயிறு திருப்பலியில் அது ஒருமுறைகூட வருவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரவு மன்றாட்டில் குருக்களும் துறவியரும் அதை முழுமையாகச் சொல்கிறார்கள். பொதுநிலையினராகிய நமக்கோ அப்படியொரு பாடல் இருப்பதே தெரியாது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த இனம் நாம். 'கையறுநிலை' என்று ஒரு துறையையே இலக்கணத்தில் வகுத்துக்கொண்ட இனம். ஆலய வாசலில் மட்டும் அந்த மொழியைச் செருப்போடு கழற்றி வைக்கப் பழகிவிட்டோம்.

வாசக நூலைத் திருத்துவது நம் கையில் இல்லை. திருப்பலிக்கு வெளியே எந்த விதியும் நம்மைத் தடுக்கவில்லை. அடுத்த டிசம்பர் 26 அன்று, கடலோரப் பங்குகளில் மெழுகுதிரி ஏற்றி நினைவுகூர வருவோர், அந்த 88ஆம் திருப்பாடலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒன்றும் விடாமல், கடலைப் பார்த்து நின்று உரக்க வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் உடனே வேறொரு பாட்டை எடுக்கவேண்டாம் என்று பாடகர் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.