முயலுக்கு முன்னால் மரம்!

ஆசையோடு முயல் வளர்க்கத் தொடங்குகிறார்கள். தீவனத்தை மூட்டை மூட்டையாகக் கடையில் வாங்குகிறார்கள். சில மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கிறார்கள். முயல் விற்ற பணத்தில் பெரும் பகுதி தீவனக் கடைக்கே போய்விட்டது! "இது நமக்கு ஒத்து வராது" என்று கூண்டைக் காலி செய்துவிடுகிறார்கள்.

குற்றம் முயல் மீதா? இல்லை. கொல்லையில் நிற்கும் மரத்தை மறந்தது தான் குற்றம்!

கொல்லையில் இருக்கும் தீவனம்

அகத்தி, மல்பெரி, கல்யாண முருங்கை. இவற்றின் தழை முயலுக்கு நல்ல உணவு. அகத்தித் தழையைக் காயவைத்து எடை போட்டால், நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. குட்டியின் உடலில் சதை பிடிக்கப் புரதம் வேண்டும். கோடையில் புல் காய்ந்துவிடும். மரத்துக்கு வேர் ஆழம். அது பச்சையாகவே நிற்கும்.

தழையைத் தின்று செரிக்கும் வசதி முயலுக்கு இயற்கையிலேயே உண்டு. அதன் குடலில் ஒரு பெரிய பை இருக்கிறது. நார்ச்சத்து அங்கே புளிக்கிறது. பிறகு மிருதுவான ஒரு வகைப் புழுக்கையாக வெளியே வருகிறது. முயல் அதை உடனே தின்றுவிடும். இது நோய் அல்ல. மிச்சச் சத்தையும் வீணாக்காத சிக்கனம்!

எல்லாத் தழையும் ஆகாது

அரளி இலை நஞ்சு. வெண்ணெய்ப் பழம் என்னும் அவகாடோ மரத்தின் இலையும் நஞ்சு. சூபாபுல் தழையில் புரதம் அதிகம். ஆனால் மைமோசின் என்ற பொருளும் இருக்கிறது. அளவு மீறினால் முயலின் ரோமம் உதிரும், வளர்ச்சி குன்றும். மற்றத் தழைகளோடு சிறிதளவு தான் கலக்க வேண்டும்.

உதிர்ந்த பழத்தைக் கூடை கூடையாகக் கொட்டுவதும் தவறு. இனிப்பு மிகுந்தால் குடல் கெடும். கழிச்சல் கண்ட குட்டி பிழைப்பது அரிது. கொய்யாவில் ஒரு சிறு துண்டு போதும். அழுகிய பழம் கூடவே கூடாது.

தழையைச் சற்று வாடவைத்துக் கொடுப்பது நல்லது. கட்டித் தொங்கவிட்டால் சிறுநீர் படாது. பால் மறந்த குட்டிக்குத் திடீரென்று தீவனத்தை மாற்றக் கூடாது. ஒரு வாரம், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

தழை மட்டும் போதுமா? போதாது. பால் கொடுக்கும் தாய்க்கும், வளரும் குட்டிக்கும் கொஞ்சம் தானியம் அல்லது கடைத் தீவனம் வேண்டும். ஆனால் அது துணையாக இருக்கட்டும். செலவெல்லாம் அதுவே ஆகிவிடக் கூடாது.

விதையும் கொடுங்கள்!

முயல் குட்டி விற்பவர்களும், பயிற்சி கொடுப்பவர்களும் ஒன்று செய்ய வேண்டும். குட்டியோடு ஒரு பிடி அகத்தி விதையும், நான்கு மல்பெரிக் குச்சியும் கொடுக்க வேண்டும். குச்சியை நட்டாலே மல்பெரி துளிர்க்கும். கல்யாண முருங்கையும் அப்படித்தான். போத்தை ஊன்றினால் வேலியும் ஆயிற்று, தீவனமும் ஆயிற்று!

முயல் வளர்க்க ஆசைப்படும் குடும்பம் முதலில் வாங்க வேண்டியது கூண்டு அல்ல, கன்று. மரம் தழைக்கட்டும். பிறகு முயல் வரட்டும்!