லைக் எத்தனைன்னு தெரியட்டும். யார் போட்டதுன்னு எதற்கு?

2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முடங்கியது. அந்த பந்தைக் கேள்வி கேட்டு, பக்கத்திலுள்ள பால்கரைச் சேர்ந்த 21 வயதுப் பெண் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். போலீஸ் அவரைக் கைது செய்தது. கூடவே அவருடைய தோழியையும். தோழி செய்தது என்ன? அந்தப் பதிவுக்கு லைக் போட்டார். அவ்வளவுதான்.

அந்த வழக்கில் பயன்பட்ட ஐடி சட்டப் பிரிவு 66ஏ-வை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஒரு பதிவை லைக் செய்வது அதை வெளியிடுவதோ பரப்புவதோ ஆகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் யாருடைய லைக்கையாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுபவர் தீர்ப்பு வரும்வரை காத்திருப்பதில்லை.

இந்த இடத்தில் எக்ஸ் தளம் எடுத்த முடிவு சரியானது. 2024 ஜூனில் அது லைக்குகளை மறைத்தது. ஒரு பதிவுக்கு எத்தனை லைக் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் போட்டது என்பது பதிவு போட்டவருக்கு மட்டும் தெரியும்.

யூடியூப் இதற்கு நேர் எதிராகப் போனது. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையையே மறைத்துவிட்டது. சின்ன சேனல்கள் மீது கும்பலாக வந்து டிஸ்லைக் குத்துவதைத் தடுக்கவாம். நோக்கம் சரி, ஆனால் நஷ்டம் பார்ப்பவருக்கு. மிக்ஸி ரிப்பேர் வீடியோவோ, ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ வீடியோவோ, டிஸ்லைக்கைப் பார்த்து உஷாராகி வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! யூடியூபின் இணை நிறுவனர் ஜாவேத் கரீமே இதை வெளிப்படையாக எதிர்த்தார்.

எண்ணிக்கை பொதுச் சொத்து. பெயர் அப்படியல்ல. தேர்தலிலும் இதுதானே நடக்கிறது? எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று அறிவிக்கிறார்கள், யார் யாருக்குப் போட்டார்கள் என்று அறிவிப்பதில்லை.

ஒரு எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. பதவியில் இருப்பவர் எந்தக் கீழ்த்தரமான பதிவை ரசிக்கிறார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? வேண்டும். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பை ரகசியமாக நடத்தும்படி திமுகவும் ஓ.பன்னீர்செல்வம் தரப்பும் கேட்டன. சபாநாயகர் தனபால் மறுத்தார். அன்றைய அரசியல் கணக்கு எதுவாக இருந்தாலும், எம்.எல்.ஏ.வின் ஓட்டு தொகுதிக்குத் தெரிவதுதான் முறை. அதேபோல அமைச்சர்கள், எம்.பி.க்களின் அதிகாரபூர்வ கணக்குகளுக்கு மட்டும் லைக்கைத் திறந்து வைக்கலாம். எக்ஸ் அதைச் செய்யவில்லை. மூடியபோது எல்லோருக்கும் சேர்த்தே மூடிவிட்டது.

காசு கொடுத்து வாங்கிய போலி லைக்கைக் கண்டுபிடிப்பதும் இனி சிரமம்தான். ஆனால் போலிக் கணக்குகளைக் களையெடுப்பது கம்பெனியின் வேலை. அதற்காக சாதாரண ஆள் தன் பெயரை அடகு வைக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு அதிகம் கவனிக்க வேண்டியது லிங்க்ட்இன். அங்கே ஒரு பதிவுக்கு லைக் போட்டால், அது உங்கள் பெயரோடு தொடர்பில் இருப்பவர்களின் ஃபீடில் போய் நிற்கக்கூடும். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் பதிவாக இருந்தாலும் சரி, அந்தத் தொடர்புகளில் மேனேஜர் இருந்தாலும் சரி.