ஏரிக்குள்ள நாயோட இறங்காதீங்க, ஆகஸ்ட் வரைக்கும்

"நம்ம ஊர்ல வசந்தமாவது ஒண்ணாவது, வெயில், கொடும் வெயில், மழை, அவ்ளோதான்"னு மீம் போடுறவங்க, மார்ச் மாசம் காலைல ஆறு மணிக்கு ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருக்கிற ஏரிப்பக்கம் வந்து பாருங்க. தண்ணி வத்தின தரையில பொடுதலை பாய் விரிச்ச மாதிரி படர்ந்து, பொடிப்பொடியா பூத்திருக்கும். முள்ளுக்கு நடுவுல கண்டங்கத்திரியோட ஊதாப் பூ. கரையில எருக்கு. அதோட இலையைத் திருப்பினா கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு இருக்கலாம். பின்னாடி வெந்தய வரியன் பட்டாம்பூச்சியா மாறப்போறது அதுதான். எனக்கு இதையெல்லாம் காட்டினது மெஸ் வாசல் நாய்ங்க. அதுங்க மோப்பம் பிடிச்சு நிக்கிற இடத்துல நாமளும் குனிஞ்சு பார்ப்போம்ல! திரும்பி வரும்போது காது பூரா நாயுருவி விதை ஒட்டியிருக்கும்.

ஆனா இதே சமயத்துலதான் ஆள்காட்டிப் பறவை முட்டை வைக்குது. மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அதுக்கு சீசன். மரத்துல கூடு கிடையாது. வெறும் தரையில சின்னதா ஒரு பள்ளம், சுத்தி கொஞ்சம் கூழாங்கல், பெரும்பாலும் 4 முட்டை. மண் நிறத்துல புள்ளி புள்ளியா இருக்கிறதால பக்கத்துல நின்னாலும் நமக்குத் தெரியாது. நாய்க்கு மூக்கு போதும். வெயில் ஏறினா தாய்ப்பறவை வயித்தை நனைச்சுட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். நாய் துரத்தி அது ரொம்ப நேரம் வெளியவே சுத்திக்கிட்டு இருந்தா, ஏப்ரல் வெயில்ல முட்டை என்ன ஆகும்?

அது தலைக்கு மேல பாய்ஞ்சு பாய்ஞ்சு கத்துறதையும் நாய் குதிக்கிறதையும் ஸ்லோமோஷன்ல ரீல் எடுத்து, சிரிப்பு எமோஜியோட போடுறாங்க. எனக்கு அதுல சிரிப்பு வரல.

இங்கிலாந்துல இதுக்குச் சட்டமே இருக்கு. 2000-ல வந்த சட்டப்படி, பொதுமக்கள் நடக்க உரிமை உள்ள திறந்தவெளி நிலங்கள்ல மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேல போகாத கயித்துலதான் கூட்டிட்டுப் போகணும். தரையில கூடு வைக்கிற பறவைங்க அங்கேயும் உண்டு.

மெஸ் நாய்க்கு ஓனர் யாருன்னு கேப்பீங்க. சோறு வைக்கிறது நாம, விசில் அடிச்சா வர்றதும் நம்ம பின்னாடிதான். ஒரு கயிறு கட்டுறது பெரிய விஷயமா? கட்ட விடாத நாய்னா, ஏரிக்குள்ள இறங்காம கரை மேலயே நடங்க. ஆள்காட்டி கத்த ஆரம்பிச்சதும் வந்த வழியே திரும்பிடுங்க. எருக்கும் புழுவும் கரையிலயே இருக்கு.